கத்தி நிற்கும் இடம்

அறுவை அரங்கிலிருந்து நோய்க்குறியியல் கூடத்துக்கு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று வந்து சேர்கிறது. ஃபார்மலினுக்குள் கிடப்பது மனித நாக்கின் வலப்பாதி. ஒரு ஓரத்தில் நீளமாக விட்ட தையல் நூல், இன்னொரு ஓரத்தில் குட்டை நூல். நீளமானது முன்பக்கம், குட்டையானது மேல்பக்கம் என்று கூட வந்த சீட்டு சொல்கிறது. உடம்பிலிருந்து பிரிந்த திசுவுக்குத் திசை கிடையாது. இந்த இரண்டு நூல்களும் அவிழ்ந்துபோனால், கட்டி எந்த ஓரத்தை நெருங்கியிருந்தது என்பதைப் பிறகு யாராலும் சொல்ல முடியாது.

நோய்க்குறியியல் மருத்துவர் அதை எடுத்து ஈரம் ஒற்றி, கத்தி பட்ட ஓரங்களுக்கெல்லாம் மை பூசுகிறார். முன் ஓரத்துக்கு நீலம், பின் ஓரத்துக்குப் பச்சை, அடித்தளத்துக்குக் கறுப்பு. மை காய்ந்ததும் மூன்று மில்லிமீட்டர் கனத்தில் வரிசையாக அறுக்கிறார். நல்ல நாக்குத் தசை பழுப்புச் சிவப்பாக, நார் நாராக இருக்கும். கட்டி வெளிறிப்போய், சாம்பல் கலந்த வெள்ளையாக, விரலால் அழுத்தினால் அமுங்காமல் நிற்கும். இந்தத் துண்டுகள் மெழுகில் பதிந்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவப்பட்டு, கண்ணாடித் தகட்டில் ஏறி, ஊதாவும் ரோஸுமாகச் சாயம் பிடித்து நுண்ணோக்கிக்கு வர ஓரிரு நாள் ஆகும். இத்தனைக்குப் பிறகும் அந்த மை அழிவதில்லை. கணக்கே அதை வைத்துத்தான்: கடைசிப் புற்றுச் செல்லுக்கும் மைக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர்?

ஐந்து அல்லது அதற்கு மேல் இருந்தால் ‘மார்ஜின் ஃப்ரீ’, அதாவது ஓரம் சுத்தம். ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் என்றால் ‘க்ளோஸ்’. ஒன்றுக்கும் கீழே போனால் ஓரத்திலேயே புற்று இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இந்த ஐந்தைப் பெறுவதற்காக அறுவை மருத்துவர் கட்டியைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டியிருப்பார். வெட்டிய கணத்திலேயே தசை சுருங்கிவிடும்; ஃபார்மலின் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சுருக்கும். வாயில் பத்து மில்லிமீட்டராக இருந்தது மேசைக்கு வரும்போது ஆறோ ஏழோதான். அறுவை மருத்துவர்களுக்கும் நோய்க்குறியியல் மருத்துவர்களுக்கும் இதனால் நடக்கும் செல்லச் சண்டைகள் எல்லா மருத்துவமனையிலும் உண்டு.

அறிக்கையில் ‘ஃப்ரீ’ என்று வந்துவிட்டால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்குப் பாதி உயிர் வரும். பெரும்பாலோருக்கு அந்த நிம்மதி நிலைக்கவும் செய்யும். ஆனால் ஒரு பகுதி நோயாளிகள், தவறாமல் பரிசோதனைக்கு வந்துபோகிறவர்கள், இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து மறுபடி புண்ணோடு வருகிறார்கள். சிலருக்குப் பழைய தழும்பை ஒட்டியே. சிலருக்கு எதிர்க் கன்னத்தில். சிலருக்குத் தொண்டையில், உணவுக்குழாயில்கூட. “மொத்தமா எடுத்தாச்சுன்னுதானே சொன்னீங்க டாக்டர்?” என்று மகனோ மகளோ கேட்கிறார்கள். மருத்துவர் பொய் சொல்லவில்லை. மை பூசியவரும் சரியாகத்தான் அளந்தார். அந்த அளவுகோல் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதுதான் இந்த அத்தியாயத்தின் விஷயம்.

*

1953-ல் சிகாகோவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் டேன்லி ஸ்லாட்டரும் அவருடைய இரண்டு சகாக்களும் ‘கேன்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாய்ப்புற்று வந்த 783 பேரின் கதை அது. மற்றவர்கள் கட்டியை ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில், ஸ்லாட்டர் கட்டியைச் சுற்றியிருந்த இடத்தைப் பார்த்தார். இந்தத் துறையில் இவ்வளவு எளிய காரியம் இவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டது வேறு இல்லை என்பது என் எண்ணம்.

வாயின் உட்பூச்சு பல அடுக்குச் செல்களால் ஆனது. அடி அடுக்கில் உள்ள செல்கள் மட்டும்தான் பிரியும். பிரிந்து வந்த செல் மேலே மேலே ஏறி, தட்டையாகி, கடைசியில் எச்சிலோடு உதிரும். கன்னத்தின் உட்புறம் முழுவதும் புதுசாவதற்குக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் போதும். நல்ல திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் இந்த ஒழுங்கு தெரியும்: அடியில் நெருக்கமாக நிற்கும் சிறு செல்கள், மேலே போகப் போக அகலமாகிப் படுத்துவிடும் செல்கள். ஸ்லாட்டர் பார்த்த திசுக்களில், கட்டியிலிருந்து விலகி, கண்ணுக்கு நல்லதாகத் தெரிந்த இடத்திலும் இந்த ஒழுங்கு குலைந்திருந்தது. செல்லின் கரு பெருத்து, அடர்ந்த சாயம் பிடித்திருந்தது. அடியில் மட்டும் நடக்க வேண்டிய செல்பிரிவு மேலடுக்குகளிலும் நடந்துகொண்டிருந்தது. இதற்கு டிஸ்பிளேசியா என்று பெயர். புற்றாகவில்லை, ஆனால் நல்லதும் இல்லை என்ற நிலை. 783 பேரில் 11.2 சதவீதத்தினருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தனித்தனிக் கட்டிகள் இருந்தன. அறுவைக்குப் பிறகு அதே இடத்தில் திரும்பி வருவதற்குக் காரணம், எடுக்காமல் விட்ட புற்றுச் செல்லாக மட்டும் இருக்க வேண்டியதில்லை, கெட்டுப்போன சுற்றுப்புறமே இன்னொரு புற்றை விளைவித்திருக்கலாம் என்றார் ஸ்லாட்டர். அந்தச் சுற்றுப்புறத்தை அவர் ‘ஃபீல்டு’ என்று அழைத்தார். நாம் களம் என்று சொல்லிக்கொண்டு போகலாம்.

களம் எப்படி உருவாகிறது என்பதற்கான பாதி விடை, அவருக்கு முன்பே நம் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. நெய்யூர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கிருந்த லண்டன் மிஷன் ஆஸ்பத்திரியின் மருத்துவர் பென்ட்டால் 1908-ல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி எழுதினார். அதே ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஐ. எம். ஓர் 1933-ல் ‘லான்செட்’ இதழில் வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப்புற்றைப் பற்றி விரிவாக எழுதினார். ஐரோப்பிய மருத்துவர்கள் நாக்கின் ஓரத்திலும் உதட்டிலும் பார்த்துப் பழகிய நோய், இங்கே கன்னத்தின் உட்புறத்திலும், கீழ் ஈறும் கன்னமும் சேரும் பள்ளத்திலும் வந்தது. அந்தப் பள்ளம் எதற்கென்று வெற்றிலை போடுகிறவர்களைக் கேட்க வேண்டியதில்லை. பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் சேர்த்து மென்று, சக்கையைக் கடைவாயில் ஒதுக்கி, மணிக்கணக்கில் அடக்கி வைத்திருக்கும் இடம் அது. சிலர் அப்படியே படுத்துத் தூங்கியும் விடுவார்கள். அவர்களுக்கு ஆபத்து பன்மடங்கு என்பது பிற்பாடு நடந்த ஆய்வுகளில் தெரிந்தது. ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் பழக்கம் பெண்களிடம் இருந்தது. அங்கே புற்று அண்ணத்தில் வந்தது. எது எங்கே படுகிறதோ அங்கே நோய். 1959-ல் அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் வாய்ப்புற்றின் காரணிகளைப் பற்றி ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சர்’ இதழில் எழுதியபோது, இந்த நோயின் வரைபடம் பழக்கத்தின் வரைபடத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பது ஊரறிந்த விஷயமாகியிருந்தது.

ஆனால் சக்கை ஒரு மூலையில் இருந்தாலும் சாறு ஒரு மூலையில் நிற்பதில்லை. அது எச்சிலில் கலந்து நாக்கின் அடியில் தேங்கும், தொண்டைக்கு இறங்கும். பீடி, சிகரெட் புகையோ குரல்வளையையும் தாண்டிப் போகும். மதுவும் சேர்ந்துகொண்டால் உணவுக்குழாய்வரை எல்லாமே நனையும். மூல இடம் ஒன்றாகவும் களம் பெரிதாகவும் இருப்பது இதனால்தான்.

நெய்யூரைச் சொல்லிவிட்டு ஹோவர்ட் சோமர்வெல்லைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நெய்யூர் ஆஸ்பத்திரியில் பல ஆண்டுகள் அறுவை மருத்துவராக இருந்த இவர், 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறச் சென்ற பிரிட்டிஷ் குழுக்களில் இருந்தவர். 1924 ஜூனில், கிட்டத்தட்ட 8,500 மீட்டர் உயரம்வரை போய்த் திரும்பும் வழியில் அவருக்குத் தொண்டை அடைத்தது. மூச்சு நின்றது. நெஞ்சை இரண்டு கையாலும் அழுத்தி ஒரே இருமலாக இருமினார். வெளியே வந்து விழுந்தது, பனியில் கருகிச் செத்துப்போன அவருடைய குரல்வளையின் உட்பூச்சு. அதன்பின் இறங்கி வந்து, குணமாகி, தென் திருவிதாங்கூரில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அறுவை செய்தார். முழு உட்பூச்சையே இழந்த தொண்டை மீண்டும் பூச்சு போட்டுக்கொள்ளும் அளவுக்கு அந்த அடி அடுக்குச் செல்களுக்குத் தெம்பு உண்டு. புற்று பயன்படுத்திக்கொள்வதும் அதே தெம்பைத்தான்.

*

ஸ்லாட்டர் விட்டுச் சென்ற கேள்வி ஒன்று நாற்பது ஆண்டுகள் அப்படியே கிடந்தது. ஒரே வாயில் இரண்டு மூன்று கட்டிகள் வருகின்றன. புகையிலை பல இடங்களில் தனித்தனியாகச் செல்களைக் கெடுத்ததால் வந்தவையா? இல்லை, ஒரு செல் கெட்டு, அதன் வாரிசுகள் பரவியதால் வந்தவையா? ஸ்லாட்டரே முதலாவதன் பக்கம்தான் சாய்ந்தார். நுண்ணோக்கியால் இதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. டி.என்.ஏ. வேண்டும்.

1990-களின் நடுவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் சிட்ரான்ஸ்கியின் குழு இதை எடுத்துக்கொண்டது. அவர்கள் கையாண்ட வழிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உண்டு. ஒன்று அம்மா வழி, ஒன்று அப்பா வழி. கரு வளரும் தொடக்கத்திலேயே ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒன்றை அணைத்துவிடும். எதை அணைப்பது என்பது அந்தந்தச் செல்லுக்குக் குருட்டாம்போக்கு. ஆனால் ஒருமுறை அணைத்ததை அதன் வாரிசுகள் எல்லாம் அப்படியே பின்பற்றும். ஆக, ஒரு பெண்ணின் வாயில் இருக்கும் இரண்டு கட்டிகளில் வெவ்வேறு எக்ஸ் அணைந்திருந்தால் இரண்டும் வேறு வேறு குடும்பம். மறுபடி மறுபடி ஒரே எக்ஸே அணைந்திருந்து, மற்ற குரோமோசோம் இழப்புகளும் ஒத்துப்போனால், ஒரே பாட்டி செல்லின் பேரப்பிள்ளைகள் என்று சந்தேகிக்கலாம். 1996-ல் வெளியான முடிவு: பல நோயாளிகளில் தனித்தனியாகத் தெரிந்த கட்டிகள் ஒரே வம்சம். தனித்தனியாக முளைத்தவையும் உண்டு. ஆனால் ஒரு செல்லின் வம்சம் வாய்க்குள் சென்டிமீட்டர் கணக்கில் பரவ முடியும் என்பது உறுதியானது.

அதே ஆண்டு அதே குழு, எந்த வரிசையில் கேடுகள் சேர்கின்றன என்பதற்கு ஒரு உத்தேச அட்டவணை போட்டது. முதலில் ஒன்பதாம் குரோமோசோமின் குட்டைக் கையில் ஒரு துண்டு போகும். செல்பிரிவுக்குத் தடை போடும் பி16 என்ற மரபணு அங்கே இருக்கிறது. அடுத்து மூன்றாம் குரோமோசோமில் ஒரு துண்டு. பிறகு பதினேழில், பி53 இருக்கும் இடம். டி.என்.ஏ. சேதமானால் செல்லை நிறுத்திவைத்துப் பழுதுபார்க்க நேரம் கொடுப்பதும், பழுது மிஞ்சிப்போனால் செல்லைச் சாகச் சொல்வதும் பி53-இன் வேலை. 2015-ல் அமெரிக்காவின் பெரிய மரபணுத் தொகுப்புத் திட்டம் 279 தலை-கழுத்துப் புற்றுகளின் டி.என்.ஏ.வை வாசித்தபோது, ஹெச்.பி.வி. என்ற வைரஸின் சம்பந்தமில்லாத கட்டிகளில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவற்றில் பி53 கெட்டிருந்தது. முக்கியமானது இன்னொன்று. முதலிரண்டு இழப்புகள் நடந்துவிட்ட திசு பல வேளைகளில் நுண்ணோக்கியில் சாதாரணமாகத்தான் தெரியும். ஒழுங்கு குலைவது பிற்பாடு.

சிட்ரான்ஸ்கி குழு 1995-லேயே மார்ஜினைச் சோதித்துப் பார்த்திருந்தது. 25 நோயாளிகள், எல்லோருக்கும் அறிக்கை ‘ஃப்ரீ’. ஒவ்வொருவரின் கட்டியிலும் பி53 எந்த எழுத்தில் பிழையானது என்று முதலில் கண்டுபிடித்தார்கள். பிறகு அதே பிழை மார்ஜின் திசுவில் இருக்கிறதா என்று தேடினார்கள். பத்தாயிரம் செல்லுக்கு ஒன்று இருந்தாலும் பிடிக்கும் நுட்பம் அது. 13 பேரின் மார்ஜினில் பிழை கிடைத்தது. அந்த 13 பேரில் ஐந்து பேருக்குப் பிறகு அதே இடத்தில் நோய் திரும்பியது. பிழை கிடைக்காத 12 பேரில் ஒருவருக்கும் திரும்பவில்லை.

ஆம்ஸ்டர்டாமில் பிராக்ஹாய்ஸ், லேமன்ஸ், பிராக்கன்ஹாஃப் ஆகியோரின் குழு இதற்கு முழு உருவம் கொடுத்தது. 28 நோயாளிகளின் கட்டியைச் சுற்றியிருந்த திசுவை அவர்கள் ஆராய்ந்ததில், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்குக் களம் இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது வெட்டிய ஓரத்தையும் தாண்டி உள்ளே போயிருந்தது. அதாவது வாய்க்குள்ளேயே தங்கிவிட்டது. அவர்கள் சொல்லும் கதை இது. அடி அடுக்கில் ஒரு செல்லில் பி53 கெடுகிறது. சில நூறு செல்கள் கொண்ட ஒரு திட்டு உண்டாகிறது. இயல்பான நிலையில் ஒரு செல் இரண்டாகப் பிரிந்தால், சராசரியாக ஒன்று அடியிலேயே தங்கும், ஒன்று மேலேறி உதிரும். வரவும் செலவும் சமம். பி53 கெட்ட செல்லில் தங்குவது ஒரு இழை கூடுகிறது. ஒரு இழைதான். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுசாகும் திசுவில், ஆண்டுக்கணக்கில் அந்த இழை சேர்ந்தால் பக்கத்துச் செல்கள் எல்லாம் ஒதுக்கப்பட்டுவிடும். திட்டு பல சென்டிமீட்டர் அகலக் களமாகிவிடும். அந்தக் களத்தின் ஏதோ ஒரு மூலையில் இன்னும் சில கேடுகள் சேர்ந்து, அடிச்சவ்வைக் கிழித்துக்கொண்டு செல்கள் கீழே இறங்கும்போதுதான் அது புற்று. கோரையை மேலே பறித்துப் போட்டால் கிழங்கு மண்ணுக்குள் இருந்து மறுபடி கிளம்புவதை விவசாயி அறிவார். மை பூசி அளந்ததெல்லாம் மேலே தெரிந்த கோரையைத்தான். திரும்பி வரும் நோயில் ஒரு பகுதிக்கு ஆம்ஸ்டர்டாம் குழு தனிப்பெயரே வைத்தது: பழைய புற்றின் மிச்சமும் இல்லை, முற்றிலும் புதியதும் இல்லை, அதே களத்தின் இரண்டாவது விளைச்சல்.

*

இவ்வளவு தெளிந்த பிறகு, களத்தையே மருந்தால் அழித்துவிட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு. முயன்றார்கள். அமெரிக்காவில் வான் கி ஹாங்கின் குழு வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ஐசோட்ரெட்டினாயின் மருந்தை, சிகிச்சை முடித்த 103 பேருக்குச் சோதனையாகக் கொடுத்தது. 1990-ல் வந்த முடிவு எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது: மருந்து எடுத்தவர்களில் 4 சதவீதத்தினருக்கே இரண்டாவது புற்று, வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 24 சதவீதம். ஆனால் அந்த அளவில் மருந்து உடம்பைப் படுத்தியது; தோல் உரிந்தது, உதடு வெடித்தது. பலர் பாதியில் நிறுத்தினார்கள். தாங்கக்கூடிய குறைந்த அளவில் 1,190 பேரிடம் மறுபடி சோதித்தபோது பலன் காணாமல் போனது. அடுத்து, குரோமோசோம் இழப்புகளைப் பார்த்து ஆபத்து கூடியவர்களை மட்டும் பொறுக்கி எர்லோடினிப் என்ற மருந்தைக் கொடுத்த சோதனை. மூன்றாண்டு முடிவில் புற்றில்லாமல் இருந்தவர்கள் மருந்துக் கூட்டத்தில் 70 சதவீதம், வெறும் மாத்திரைக் கூட்டத்தில் 74. தோற்றுப்போன சோதனைதான். ஆனால் ஆபத்தானவர்களைப் பொறுக்கிய முறை சரியாகவே இருந்தது: இழப்பு உள்ளவர்களுக்குத்தான் அதிகம் புற்று வந்தது. யாருக்கு வரும் என்று சொல்லத் தெரிந்துகொண்டோம்; தடுக்கத்தான் கைவசம் ஒன்றுமில்லை.

வான்கூவரில் வேறு வழி. நீல ஒளி அடித்தால் நல்ல திசு பச்சையாக ஒளிரும். கெட்ட இடம் இருண்டு தெரியும். வெள்ளை வெளிச்சத்தில் தெரியாத களத்தை இந்த ஒளியில் பார்த்து, அதன்படி வெட்டினால் திரும்பி வருவது குறையும் என்று முதல் அனுபவங்கள் சொல்லின. குலுக்கல் முறையில் ஒழுங்காக நடத்திய சோதனையின் முடிவு 2020-ல் வந்தது, வித்தியாசம் இல்லை.

அதற்குள் ஆராய்ச்சி இன்னும் சங்கடமான ஒன்றைக் கண்டுபிடித்திருந்தது. 2018-ல் கேம்பிரிட்ஜ் பக்கத்துச் சாங்கர் நிறுவனத்தில், புற்றே இல்லாத ஒன்பது பேரின் உணவுக்குழாய் உட்பூச்சை மிகச் சிறு துண்டுகளாக வெட்டி டி.என்.ஏ. வாசித்தார்கள். நடுவயதினருக்கும் முதியவர்களுக்கும் அந்தப் பூச்சில் 12 முதல் 80 சதவீதம்வரை நாட்ச்1 என்ற மரபணு கெட்ட செல்களே நிரம்பியிருந்தன. நாட்ச்1 தலை-கழுத்துப் புற்றிலும் கெடுகிற மரபணுதான். ஆனால் உணவுக்குழாயின் புற்றுக்கட்டிகளில் அது கெட்டிருப்பதைவிட, நல்ல உணவுக்குழாயில் கெட்டிருப்பது பல மடங்கு அதிகம். அப்படியானால் அந்தக் கேடு புற்றைத் தள்ளுகிறதா, தடுக்கிறதா? அதே குழுவின் அடுத்த வேலை, எலிகளில் செய்தது, 2021-ல் வெளிவந்தது. தொடக்க நிலையில் இருந்த நுண்ணிய கட்டிகளை, சுற்றிலும் இருந்த மாறிய செல்கள் நெருக்கித் தள்ளி உதிர்த்துவிட்டன. பெரும்பாலான கட்டிகள் தாமாகவே காணாமல் போயின. ஆக, எல்லாக் களமும் எதிரிக் களம் இல்லை. மார்ஜினில் ஏதோ ஒரு மரபணு மாறியிருக்கிறது என்று கருவி காட்டினால் மட்டும் போதாது. எது மாறியிருக்கிறது, யாருடைய வம்சம் என்று தெரிய வேண்டும். இன்றைக்கும் மார்ஜின் அறிக்கைகள் டி.என்.ஏ.வை நம்பாமல் மையையும் மில்லிமீட்டரையும் நம்புவதற்குச் செலவு மட்டும் காரணமில்லை.

தொண்டையின் டான்சில் பகுதியில் ஹெச்.பி.வி. வைரஸால் வரும் புற்று இந்தக் கதைக்குள் வராது. அங்கே வைரஸின் இ6 புரதம் பி53-ஐயும், இ7 புரதம் ஆர்பி என்ற இன்னொரு தடுப்பையும் செயலிழக்கச் செய்கின்றன. மரபணுவை ஆண்டுக்கணக்கில் அரிக்க வேண்டியதில்லை. அதனால் களம் என்று சொல்லத்தக்கது அங்கே பெரும்பாலும் இருப்பதில்லை. இரண்டாவது புற்றும் குறைவு. சிகிச்சையில் பிழைப்பவர்களும் அதிகம்: 2010-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் மூன்றாண்டு உயிரோடு இருந்தவர்கள் வைரஸ் உள்ளவர்களில் 82 சதவீதம், இல்லாதவர்களில் 57. ஒரே இடம், ஒரே மாதிரிச் செல், இரண்டு வெவ்வேறு நோய்கள்.

நம் ஊர்க் களத்துக்குத் தனி முகம் ஒன்று உண்டு. 1952-ல் ஸ்வார்ட்ஸ் என்ற மருத்துவர், கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களின் வாய் இறுகிப்போயிருந்ததை விவரித்தார்; மறுஆண்டு பம்பாயில் ஜோஷி. கன்னத்தைத் தடவினால் தோலுக்கடியில் கயிறு போலத் தட்டுப்படும். நிறம் வெளுத்திருக்கும். காரம் பட்டால் எரியும். வாய் மெல்ல மெல்லத் திறக்காமல் போகும். மூன்று விரலை நிறுத்தி உள்ளே விடச் சொல்வதுதான் எளிய சோதனை, அது இரண்டாகி, ஒன்றாகும். காரணம் பாக்கு. அதிலுள்ள அரிகோலின் நார் செல்களைத் தூண்டிக் கொலாஜனைக் கூட்டுகிறது. பாக்கில் தாராளமாக இருக்கும் செம்பு, அந்தக் கொலாஜன் இழைகளைக் கோத்து இறுக்கும் நொதிக்குத் தீனி போடுகிறது. எர்ணாகுளத்தில் இப்படி வாய் இறுகியவர்களை 17 ஆண்டு பின்தொடர்ந்ததில் 7.6 சதவீதத்தினருக்குப் புற்றானது. புகையிலை கலக்காத பாக்கே புற்றுக் காரணி என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அறிவித்த தொகுதி 2004-ல் வந்தது. ‘புகையிலை இல்லை, வெறும் பாக்குதான்’ என்று பொட்டலத்தைப் பிள்ளைகளிடம் நீட்டுகிற கடைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

களத்தைக் கண்ணால் பார்க்க முடிகிற வேளைகளும் உண்டு. தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு. அதைவிட மோசமான செந்நிறத் திட்டு. திருவனந்தபுரத்தில் சங்கரநாராயணனும் சகாக்களும் 1990-களின் நடுவில் தொடங்கிய சோதனை இதை நம்பியது. 13 ஊராட்சித் தொகுதிகள். 35 வயதுக்கு மேற்பட்டவர்கள். ஏழு தொகுதிகளில் பயிற்சி பெற்ற, மருத்துவரல்லாத பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார்கள். மற்ற ஆறில் வழக்கமான கவனிப்பு. ஒவ்வொரு பக்கத்திலும் தொண்ணூற்றைந்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். 2005-ல் ‘லான்செட்’ இதழில் வந்த முடிவில், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் இறப்பில் தெரிந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுதான். புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் வாய்ப்புற்று இறப்பு 34 சதவீதம் குறைந்திருந்தது. களம் இருக்கிற வாயில்தான் வெளிச்சத்துக்கு வேலை இருந்தது.

பழக்கமே இல்லாத இளம் வயதினர், அதிலும் பெண்கள், நாக்கின் ஓரத்தில் புற்றோடு வருவது பல நாடுகளில் 1970-களிலிருந்து கூடிவருகிறது. வெற்றிலை இல்லை, பீடி இல்லை, ஹெச்.பி.வி.யும் இல்லை. 2014-ல் டெக்சாஸ் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில், புகைக்காத இளையவர்களின் நாக்குக் கட்டியையும் ஆயுளெல்லாம் புகைத்த முதியவர்களின் கட்டியையும் பக்கத்தில் வைத்து டி.என்.ஏ. வாசித்தார்கள். மரபணுக்கேடுகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன; அதே பி53, அதே பி16. முதியவரின் வாயில் அவற்றைக் கெடுத்தது எது என்று தெரியும். இளையவரின் நாக்கில் கெடுத்தது எது, கட்டியைச் சுற்றி அவருக்கும் ஒரு களம் இருக்கிறதா, இருந்தால் அது எத்தனை வயதில் தொடங்கியது என்பதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.